ஓக் பீப்பாயில் முதிர்ந்த ரியோஹா சிவப்பு ஒயின்: வாங்குவதிலிருந்து பரிமாறுவது வரை முழுமையான வழிகாட்டி

வட ஸ்பெயினின் ரியோஹா பகுதி ஒயினுக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். கடையில் இருப்பதில் விலை கூடிய பாட்டிலாகப் பார்த்து வாங்குவார்கள். வீட்டுக்கு வந்தபிறகு இதற்கு என்ன சமைக்கலாம் என்று யோசிப்பார்கள். எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபிறகு பாட்டிலைத் திறப்பார்கள். மூன்றுமே வரிசை தப்பியவை.

முதலில் சாப்பாடு, அடுத்து பீப்பாய்க் காலம், அதற்கப்புறம் வெப்பநிலை, கடைசியில்தான் கார்க். கீழே உள்ள படிகளும் அதே வரிசையில்தான் இருக்கின்றன. இதில் மனதில் நிறுத்த வேண்டியது ஒன்று: ரியோஹாவில் வயது கூடக்கூட ஒயின் முரட்டுத்தனத்தை இழந்து மெலிதாகும். அதனால் காரசாரமான, கனமான சமையலுக்கு இளைய ஒயின். எளிமையான சமையலுக்கு முதிர்ந்த ஒயின். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

நெம்புகோல் உள்ள சாதாரண கார்க் திருகி ஒன்று. பத்து வருடத்துக்கு மேற்பட்ட பாட்டிலைத் திறக்கப் போகிறீர்கள் என்றால் இரட்டைத் தகடு கொண்ட கார்க் பிடுங்கி கூடுதலாக வேண்டும். பழைய கார்க் நடுவில் நொறுங்கும். திருகி அதைத் துளைத்துக்கொண்டு வெறும் கையோடு வந்துவிடும். தகடுகள் இரண்டு பக்கமும் இறங்கிக் கார்க்கை அணைத்துப் பிடிப்பதால் முழுதாக வரும்.

திரவத்தில் வைக்கும் சமையலறை வெப்பமானி ஒன்று. கண்ணாடி ஜாடி அல்லது டிகாண்டர் (ஒயினை மாற்றி ஊற்றி வைக்கும் கண்ணாடிக் குடுவை) ஒன்று. வாய் சற்றுக் குறுகிய பெரிய கோப்பைகள். கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றக் கூடாது. மேலே இருக்கும் காலி இடத்தில்தான் மணம் சேரும்.

750 மில்லி பாட்டிலில் 150 மில்லி வீதம் ஐந்து கோப்பை வரும். நான்கு பேர் சாப்பிடும் இடத்தில், இரண்டு வகை உணவுக்கு இரண்டு பாட்டில் போதும்.

2. முதலில் சாப்பாட்டை முடிவு செய்யுங்கள்

கடைக்குப் போகும் முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும். தட்டில் கொழுப்பு எவ்வளவு? மிளகாய்க் காரம் இருக்கிறதா? முக்கியச் சுவை எங்கிருந்து வருகிறது: இறைச்சியிலிருந்தா, மசாலாவிலிருந்தா?

கொழுப்பைக் கேட்பதற்குக் காரணம் துவர்ப்பு. சிவப்பு ஒயினின் துவர்ப்பு பால் விடாத கடுந்தேநீரின் துவர்ப்பு போன்றதுதான், நாக்கைச் சுருட்டும். இறைச்சியின் புரதமும் கொழுப்பும் வாயில் இருந்தால் அந்தப் பிடிப்பு தளர்கிறது. கொழுப்பே இல்லாத தட்டோடு துவர்ப்பு மிகுந்த ஒயினை வைத்தால் வாய் வறண்டுபோகும்.

காரத்தைக் கேட்பதற்குக் காரணம் ஆல்கஹால். இன்றைய ரியோஹா சிவப்பு ஒயின்கள் பலவற்றில் 13.5 முதல் 14.5 சதவீதம் இருக்கும். மிளகாய் எரிச்சலை ஆல்கஹால் கூட்டிவிடும், துவர்ப்பும் கூடவே சேர்ந்து குத்தும். ரியோஹா ஊர்ச் சமையலில் மிளகாய் வற்றல் நிறைய வரும், ஆனால் அது நிறத்துக்கும் இனிப்புக்கும் வரும் மிளகாய். எரிய வைக்கும் காரம் அதில் குறைவு. மட்டன் சுக்கா போன்ற நம் காரத்தோடு இந்த ஒயினை வைக்க ஆசைப்படுகிறவர்கள் இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது. மிளகைக் கூட்டி மிளகாயைப் பாதியாகக் குறைத்தால் ஓரளவு ஒத்துவரும்.

3. பாட்டிலைத் திருப்பிப் பின் லேபிளைப் படியுங்கள்

முன்பக்க லேபிள் தயாரிப்பாளரின் அலங்காரம். நமக்கு வேண்டியது பின்பக்கத்தில் இருக்கிறது. ரியோஹாவின் ஒழுங்குமுறை மன்றம் தரும் சிறிய முத்திரைச் சீட்டில் ஒயின் எந்த வகுப்பு என்று நிறத்திலேயே தெரியும்.

பச்சை: ஹெனேரிகோ. முதிர்ச்சிக்கென்று குறைந்தபட்சக் காலம் எதுவும் இல்லாத பொது வகை.

சிவப்பு: கிரியான்சா. மொத்தம் குறைந்தது 2 வருடம், அதில் குறைந்தது 1 வருடம் ஓக் பீப்பாயில்.

கருஞ்சிவப்பு: ரெசெர்வா. மொத்தம் குறைந்தது 3 வருடம். அதில் 1 வருடமாவது பீப்பாயில், 6 மாதமாவது பாட்டிலில்.

நீலம்: கிரான் ரெசெர்வா. மொத்தம் குறைந்தது 5 வருடம். பீப்பாயில் 2 வருடம், பாட்டிலில் 2 வருடம் கட்டாயம்.

இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, இவற்றைத் தர வரிசையாக எடுத்துக்கொள்வது. இது கால வரிசை. நல்ல தோட்டத்துக் கிரியான்சா ஒன்று சுமாரான கிரான் ரெசெர்வாவை எளிதில் தோற்கடிக்கும். இன்னொன்று, பச்சைச் சீட்டு என்றால் மட்டம் என்று ஒதுக்குவது. இந்தக் கால விதிகளுக்குள் வர விரும்பாமல் தங்கள் விருப்பப்படி பீப்பாயில் முதிர வைக்கும் தயாரிப்பாளர்களும் பச்சைச் சீட்டோடுதான் விற்கிறார்கள். அவற்றில் சில மிக விலை உயர்ந்தவை. பச்சைச் சீட்டோடு விலையும் கூடுதலாக இருந்தால், பீப்பாயில் எத்தனை மாதம் இருந்தது என்று லேபிளில் தேடுங்கள், அல்லது கடைக்காரரிடம் கேளுங்கள்.

அறுவடை ஆண்டைப் பற்றி ஒரு சொல். 2001, 2004, 2010 ஆகியவை மன்றமே மிகச் சிறந்தது என்று மதிப்பிட்ட ஆண்டுகள். கிரான் ரெசெர்வா வாங்கும்போது இது உதவும். கிரியான்சாவுக்கு ஆண்டைத் துரத்திக்கொண்டிருக்க வேண்டாம்.

4. கலவையையும் மரத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

ரியோஹா சிவப்பின் முதுகெலும்பு டெம்ப்ரனில்யோ திராட்சை. தனியாகவும் ஒயின் ஆகும், ஆனால் பழைய வழக்கம் கலவைதான். கர்னாச்சா சேர்ந்தால் வாயில் உணரும் கனமும் ஆல்கஹாலும் கூடும், சிவப்புப் பழ வாசனை வரும். கிராசியானோ மிகச் சிறிய அளவில்தான் சேர்ப்பார்கள், புளிப்பையும் மணத்தையும் அது தரும். பல வருடம் தாங்கி நிற்க அந்தப் புளிப்பு தேவை. மசுவேலோ நிறமும் புளிப்பும் துவர்ப்பும் தரும்.

தட்டுக்கு இதனால் என்ன பயன்? கர்னாச்சா அதிகமாக இருந்தால் மென்மை கூடுதல். தக்காளி, குடைமிளகாய், சொரிசோ என்ற ஸ்பானியப் பன்றித் தொத்திறைச்சி சேர்ந்த குழம்பு வகைக்கு இதமாக இருக்கும். எப்ரோ ஆற்றின் கீழ்ப்பகுதியில், வெயில் கூடுதலான ரியோஹா ஓரியந்தால் பகுதியில் கர்னாச்சா அதிகம் விளைகிறது. மேற்கே ரியோஹா ஆல்தா, வடக்கே கந்தாப்ரியா மலைத்தொடரின் அடிவாரத்து ரியோஹா அலவேசா ஆகிய இரண்டும் குளுமையானவை. அங்கே டெம்ப்ரனில்யோவின் ஆட்சி, புளிப்பும் நிமிர்ந்து நிற்கும். கொழுப்பான ஆட்டிறைச்சிக்கு அந்தப் புளிப்பு வேண்டும்.

பீப்பாய் பெரும்பாலும் 225 லிட்டர் கொள்ளளவுள்ளது. மரம் அமெரிக்க ஓக் என்றால் வனிலா, தேங்காய் வாசனை எழும். பிரெஞ்சு ஓக் என்றால் கிராம்பு போன்ற மசாலா வாசனையும் இறுக்கமான துவர்ப்பும். பழைய பாணி நிறுவனங்கள் அமெரிக்க ஓக்கை விடவில்லை. புகையூட்டிய பாலாடைக்கட்டி, கரியில் சுட்ட இறைச்சி என்றால் நான் அமெரிக்க ஓக் பக்கம்தான் போவேன். மரத்தின் வறுபட்ட மணமும் கரியின் மணமும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கும்.

5. ஒரு நாள் முன்னதாகப் பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள்

படுக்க வைத்த பாட்டிலில் வண்டல் பக்கவாட்டில் படிந்திருக்கும். திறக்கும்போது எடுத்து நிமிர்த்தினால் எல்லாம் கலங்கிக் கோப்பைக்கு வந்துவிடும், வாயில் மணலும் கசப்பும் தட்டும். ரெசெர்வா, கிரான் ரெசெர்வா இரண்டையும் முந்தின நாளே நிமிர்த்திவிடுங்கள். இளம் கிரியான்சாவுக்கு இது தேவையில்லை.

6. வெப்பநிலையைச் சரி செய்யுங்கள்

எல்லாப் படிகளிலும் அதிகம் பேர் தவறவிடுவது இதுதான். சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்ற அறிவுரை ஐரோப்பாவின் குளிர்ந்த கல் வீடுகளிலிருந்து வந்தது. 30 டிகிரி அறையில் அதை அப்படியே பின்பற்றினால் ஆல்கஹால் மூக்கில் ஏறும், பழ வாசனை சுண்டிப்போகும், நல்ல ஓக் வாசனைகூட வார்னிஷ் போலத் தெரியும்.

வேண்டியது இது: ஹெனேரிகோவுக்கு 13 முதல் 15 டிகிரி செல்சியஸ், கிரியான்சாவுக்கு 14 முதல் 16, ரெசெர்வாவுக்கும் கிரான் ரெசெர்வாவுக்கும் 16 முதல் 18.

30 டிகிரியில் இருக்கும் பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்தால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் இந்த அளவுக்கு இறங்கும். அவசரம் என்றால் பாதி ஐஸ், பாதி தண்ணீர் நிரப்பிய வாளியில் கழுத்து வரை அமிழ்த்தினால் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். வெறும் ஐஸில் செருகினால் காற்று இடைவெளியால் நேரம் கூடும். தண்ணீர் சேர்ந்தால்தான் பாட்டிலின் உடம்பு முழுக்கக் குளிர் படும். முதல் சில தடவை கோப்பையில் கொஞ்சம் ஊற்றி வெப்பமானியால் அளந்து பாருங்கள். அப்புறம் கையால் தொட்டாலே தெரிந்துவிடும்.

ரொம்பக் குளிர வைப்பதும் தவறுதான். 10 டிகிரிக்குக் கீழே போனால் துவர்ப்பு முறுக்கிக்கொள்ளும், ஓக் கசக்கும். ஆனால் இதற்கு மருந்து எளிது, கோப்பையை உள்ளங்கையில் ஏந்திச் சில நிமிடம் காத்திருந்தால் சரியாகிவிடும். இலக்கைவிட ஒன்றிரண்டு டிகிரி குறைவாகவே ஊற்றுங்கள். மேசைக்கு வந்தபின் அது தானாக ஏறும்.

7. திறந்ததும் முகருங்கள், பரிமாறும் முன் சுவையுங்கள்

கோப்பையில் சிறிது ஊற்றி முகருங்கள். ஈரமான அட்டைப்பெட்டி, பூசணம் பிடித்த நிலவறை போல வாசனை வந்தால் கார்க் கெட்டிருக்கிறது. காற்றாடவிட்டாலும் போகாது. கடையில் திருப்பிக் கொடுங்கள், வேறு பாட்டிலைத் திறங்கள்.

முதிர்ந்த ரியோஹாவின் இயல்பான வாசனையையே கெட்டுப்போனது என்று நினைத்துப் பாட்டிலை ஒதுக்கிவிடுகிறவர்களும் உண்டு. தோல், புகையிலை, உலர்ந்த அத்தி, காய்ந்த இலை ஆகியவை கிரான் ரெசெர்வாவில் இருக்க வேண்டிய மணங்கள். கோப்பையைச் சாய்த்து வெள்ளைத் துணிக்கு மேல் பிடித்துப் பாருங்கள். விளிம்பு செங்கல் நிறத்துக்கு மாறியிருக்கும். அதுவும் வயதின் அடையாளம்தான், குறையல்ல.

8. டிகாண்டர்: யாருக்கு, எப்போது

இளம் கிரியான்சாவும் இளம் ரெசெர்வாவும் காற்றுப் பட்டால் இளகும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் டிகாண்டரில் தாராளமாக ஊற்றி வையுங்கள். ஓக் வாசனை மட்டும் முன்னால் நின்றால் இன்னும் அரை மணி.

பழைய கிரான் ரெசெர்வாவின் கதை வேறு. அதை மணிக்கணக்கில் காற்றில் விட்டால் மிஞ்சியிருக்கும் மணமும் பறந்துவிடும். அதற்கு டிகாண்டர் வண்டலைப் பிரிக்க மட்டுமே. பரிமாறுவதற்குச் சற்று முன்பு, பாட்டிலின் கழுத்துக்குப் பின்னால் ஒரு விளக்கை வைத்து, நிறுத்தாமல் மெதுவாக ஊற்றுங்கள். வண்டல் கழுத்தை நெருங்குவது தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். அடியில் நிற்கும் கொஞ்சம் ஒயினுக்கு ஆசைப்படாதீர்கள்.

9. தட்டோடு சேர்ப்பது

இந்த ஒயின் பிறந்த ஊர்ச் சமையலிலிருந்து தொடங்குவதே பாதுகாப்பு. அங்கே சோதித்துத் தேறியவை நான்கைச் சொல்கிறேன்.

கிரியான்சாவுக்கு: பட்டாட்டாஸ் அ லா ரியோஹானா. உருளைக்கிழங்கும் சொரிசோவும் சேர்ந்த குழம்பு. இதன் பக்குவம் கிழங்கை வெட்டும் விதத்தில் இருக்கிறது. கத்தியைப் பாதிதான் இறக்க வேண்டும். மீதியை அப்படியே நெம்பிப் பிய்க்க வேண்டும். டக் என்று ஒடியும் சத்தம் வரும். ஒடிந்த முகம் சொரசொரப்பாக இருப்பதால் மாவுச்சத்து வெளியேறிக் குழம்பு தானாகக் கெட்டியாகும். முழுக்க வெட்டினால் தண்ணீர் தனி, கிழங்கு தனியாக நிற்கும்.

எண்ணெயில் வெங்காயம், பூண்டு, பச்சைக் குடைமிளகாய் வதக்கி, சொரிசோ வட்டங்களைச் சேர்த்துக் கொழுப்பு கசியவிட்டு, கிழங்கைப் போட்டுப் புரட்டுங்கள். ஊறவைத்த சொரிசேரோ என்ற காரமற்ற வற்றல் மிளகாயின் சதையைக் கரண்டியால் சுரண்டிச் சேர்த்து, கொஞ்சம் பிமென்டோன் என்ற ஸ்பானிய மிளகாய்த் தூள், பிரிஞ்சி இலை, மூழ்கும் அளவு தண்ணீர். பிமென்டோன் கருகினால் கசக்கும், அந்தக் கசப்பை ஒயின் இன்னும் பெரிதாக்கிக் காட்டும். அதனால் தூள் போட்டதும் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். கிழங்கு வேகும்வரை மிதமான தீயில் வைத்து, கரண்டியால் கிளறாமல் பாத்திரத்தை மட்டும் அவ்வப்போது ஆட்டுங்கள். சொரிசோவின் கொழுப்பையும் உப்பையும் கிரியான்சாவின் புளிப்பு வெட்டும். மாவுச்சத்து துவர்ப்பைத் தணிக்கும். இதற்கு கிரான் ரெசெர்வாவை ஊற்றினால் பூண்டும் பிமென்டோனும் அதன் மெல்லிய மணங்களை விழுங்கிவிடும்.

ரெசெர்வாவுக்கு: சுலெத்தில்யாஸ் அல் சர்மியெந்தோ. பால்குடி ஆட்டுக்குட்டியின் சின்னச் சின்ன விலா எலும்புத் துண்டுகளை, திராட்சைக்கொடி கழித்த காய்ந்த குச்சிகளை எரித்த தணலில் சுடுவது. குச்சி பரபரவென்று எரிந்து சீக்கிரம் தணலாகும். சுவாலை அடங்கியபிறகுதான் இறைச்சியை வைக்க வேண்டும். பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம், கல்லுப்பு, அவ்வளவுதான். கொடிக்குச்சி கிடைக்காவிட்டால் மரக்கரியும் நல்லதே. இங்கே மசாலா ஊறல் போடுவது பெரிய தவறு. உப்பும் ஆட்டுக் கொழுப்பும் ரெசெர்வாவின் துவர்ப்பை வழவழப்பாக்கும், புகையை ஓக் பற்றிக்கொள்ளும். நடுவில் வேறொரு சுவை நுழைய இடமே இல்லை. ஒரே ஒரு இணையை மட்டும் முயன்று பார்க்க நேரம் இருக்கிறதென்றால் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

கிரான் ரெசெர்வாவுக்கு: வெறும் உப்புப் போட்டு அடுப்பில் மெதுவாக வாட்டிய ஆட்டுக்கால், அல்லது காளான். ரியோஹாவின் தலைநகரான லொக்ரோன்யோவின் லாவ்ரெல் தெருவில், தட்டையான இரும்புக் கல்லில் வாட்டிய காளான்களை ரொட்டித் துண்டின்மேல் அடுக்கி, உச்சியில் ஒரு சின்ன இறால் குத்திக் கொடுப்பார்கள். அங்கே அதை இளைய ஒயினோடு நின்றுகொண்டே சாப்பிடுவது வழக்கம். பழைய ஒயினோடு வைக்கும்போது இறாலை விட்டுவிட்டு, பூண்டையும் குறைத்துக்கொள்ளுங்கள். முதிர்ந்த ஒயினின் காய்ந்த இலை மணமும் காளானின் மண் மணமும் அழகாக இசையும். இறைச்சி சாப்பிடாதவர்களுக்கும் இதுவே நல்ல வாசல்.

பாலாடைக்கட்டிக்கு: செம்மறி ஆட்டுப்பாலில் செய்து முதிர வைத்த கெட்டி வகைகள். லா மாஞ்சாவின் மான்செகோ, பாஸ்க் பகுதியின் இதியாசாபல். பின்னதில் புகையூட்டிய வகை, அமெரிக்க ஓக்கில் முதிர்ந்த ரெசெர்வாவுக்கு மிகப் பொருத்தம். ஃபிரிட்ஜிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். குளிர்ந்த கொழுப்பு நாக்கில் கரையாது, கரையாவிட்டால் துவர்ப்போடு அதற்கு வேலை இல்லை.

மீன் வேண்டவே வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு: பகலாவோ அ லா ரியோஹானா, அதாவது உப்புக் கண்டமிட்ட காட் மீனைத் தக்காளியிலும் சிவப்புக் குடைமிளகாயிலும் வேகவைத்தது, குளிர்ந்த இளம் கிரியான்சாவோடு போகும். கொழுப்பு மிகுந்த மத்தி, கானாங்கெளுத்தி போன்றவை போகாது. ஒயினில் உள்ள இரும்பு மீன் எண்ணெயோடு சேர்ந்து வாயில் கவிச்சியைக் கிளப்பிவிடும்.

10. எதையெல்லாம் தள்ளி வைக்க வேண்டும்

கூனைப்பூவும் (ஆர்ட்டிசோக்) அஸ்பாரகஸும் பக்கத்துப் பகுதியான நவாராவின் பெருமை. ரியோஹாவின் காய்கறிக் கூட்டான மெனெஸ்ட்ராவிலும் இருக்கும். இருந்தாலும் ஓக் ஏறிய சிவப்போடு வேண்டாம். கூனைப்பூ சாப்பிட்டபின் எல்லாமே நாக்கில் போலியாக இனிக்கும், அஸ்பாரகஸ் ஒயினை உலோகம்போல ஆக்கும்.

வினிகரிலும் கவனம் வேண்டும். கப்பரோனெஸ் என்ற, ராஜ்மா போன்ற சிவப்பு பீன்ஸ் குழம்போடு வினிகரில் ஊறிய பச்சை மிளகாய் வைப்பார்கள். குழம்பு கிரியான்சாவுக்கு அருமை. மிளகாயைக் கடித்தால் ஒரு வாய் ரொட்டியும் தண்ணீரும் எடுத்தபின் கோப்பையைத் தொடுங்கள்.

இனிப்பு கூடவே கூடாது. உணவின் இனிப்பு ஒயினைவிட அதிகமானால் ஒயின் புளித்துக் கசந்து, பழமில்லாமல் நிற்கும். சாக்லேட் கேக்கோடு கிரான் ரெசெர்வா ஊற்றுவது பல விருந்துகளில் நடக்கிறது, இரண்டுமே கெடுகின்றன.

11. மேசையில் சரி செய்வது

ஒயினை ஒரு வாய், உணவை ஒரு வாய், மறுபடி ஒயின். இரண்டாவது முறை ஒயின் கடுமையாகத் தெரிந்தால் பாட்டிலைக் குறை சொல்லாதீர்கள், தட்டைத் திருத்துங்கள். ஒரு சிட்டிகை உப்போ, சில சொட்டு எலுமிச்சையோ சேர்த்தால் துவர்ப்பும் கசப்பும் அடங்கும். ஒயின் சப்பென்று தெரிந்தால் உணவில் புளிப்பு மிஞ்சிவிட்டது. கொஞ்சம் ஆலிவ் எண்ணெயோ ரொட்டியோ சேருங்கள். எரிச்சல் தெரிந்தால் ஒயின் சூடேறியிருக்கிறது, பாட்டிலை ஐந்து நிமிடம் ஐஸ் தண்ணீருக்கு அனுப்புங்கள்.

பல வகைகளைத் திறந்தால் இளையதிலிருந்து முதிர்ந்ததற்குப் போங்கள். சொரிசோ குழம்பு முடிந்ததும் நேராகக் கிரான் ரெசெர்வாவுக்குத் தாவ வேண்டாம். நடுவில் தண்ணீர், வெறும் ரொட்டி, சற்று நேரம்.

12. மிச்சம் இருந்தால்

கிரியான்சாவைக் கார்க் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். குடிக்கும் முன் வெளியே எடுத்து 14 டிகிரிக்கு வரவிடுங்கள். பழைய கிரான் ரெசெர்வாவை அன்றே முடித்துவிடுவது நல்லது, மறுநாள் மணம் இருக்காது.

அதற்கும் மிஞ்சிய கிரியான்சாவை, சர்க்கரையும் பட்டையும் சேர்த்துப் பேரிக்காய் வேகவைக்கப் பயன்படுத்துங்கள். ரியோஹாவின் ரின்கோன் தெ சோத்தோ பேரிக்காய்க்குப் பெயர்போன ஊர், ஒயினில் வெந்த பேரிக்காய் அந்தப் பக்கத்து வீடுகளில் சகஜம். காய் கெட்டியாக இருக்க வேண்டும், கனிந்திருந்தால் கரைந்துவிடும். வெந்ததும் காயை எடுத்துவிட்டு ஒயினை மட்டும் பாகு பதத்துக்குச் சுண்டவிட்டு மேலே ஊற்றுங்கள்.